பள்ளிக்கூடம் வராத மெய்யம்மை

“உன்னை நான் என்ன சொல்லிக் கூப்பிடுறது?”

“என்ன கேள்வி இது? என் பேரு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அதுதானே வம்பு. எங்க ஆத்தா பேரும் அதுதானே?”

“கல்யாணம் பேசி முடிக்கிறதுக்கு முன்னாலேயே எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அது.”

“தெரிஞ்சுதான் பண்ணினாக. ஆனா பேரைச் சொல்லி உன்னை ஒரு அதட்டுப் போட்டேன்னு வை, உள்ளே இருக்கிற ஆத்தா என்னப்பான்னு எந்திரிச்சு வந்துரும்.”

“அதட்டுறதுக்குன்னுதான் கல்யாணம் பண்ணிக்கிட்டீகளா?”

“அதுக்கில்ல... இந்தான்னு கூப்பிடுறேன். வருவியா?”

“ம்.”

கல்யாணமான மூன்றாம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இது. மெய்யம்மை அன்றைக்குச் சொல்ல நினைத்தது அந்த ‘ம்’ இல்லை. யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், நம் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க என்று கேட்க நினைத்தாள். புதுப் பெண். வாய் வரவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த நாளை ஏழு வருஷமாக வராமலே இருந்தது.

பிறந்த வீட்டில் மெய்யம்மை என்ற பேர் விடிந்ததிலிருந்து அடையும்வரை ஒலிக்கும். ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைத்தவள் யார், மெய்யம்மை. அண்ணனின் செருப்பை ஒளித்தவள் யார், மெய்யம்மை. புகுந்த வீட்டில் அந்தப் பேருக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. கணவனோடு கப்பலேறி மலாக்காவுக்கு வந்த பிறகு, அங்கே காஜா பெராங் பகுதியில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் ஆச்சி. நாகப்பட்டினத்தில் கப்பலுக்குப் போகும் படகில் ஏறும்போது கரையில் நின்ற, அவளைப் பெற்ற அப்பச்சி, “மெய்யம்மை, தலையை உள்ளே இழு” என்று கத்தினாரே, அதுதான் கடைசி.

அதற்காக அவள் வருந்தி உருகிக்கொண்டிருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். புருஷன் சுப்புராமன் தங்கமானவன். ‘இந்தா’ என்ற ஒரு சொல்லை அவனைப்போல இத்தனை விதமாகச் சொல்ல இன்னொருவனால் முடியாது. பசியோடு வரும் இந்தா வேறு. சட்டைப் பொத்தான் அறுந்துபோன இந்தா வேறு. கனகாம்பரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொல்லும் இந்தா முற்றிலும் வேறு. எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் தெருவில் போகிற பூனையைக்கூட இந்தா என்று கூப்பிடலாமே என்ற எண்ணம் எப்போதாவது தோன்றும். தோன்றிய வேகத்தில் அடுப்பு வேலை அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஜப்பான்காரன் வந்ததும் கடல் அடைபட்டது. சுப்புராமன் கணக்கு வேலை பார்த்த செட்டியார் வட்டிக்கடை, அந்தக் கிட்டங்கி, கதவைச் சாத்தியது. ஊரிலிருந்து கடைசியாக வந்த சேதி, ஆத்தாளுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்பது. அதற்குமேல் ஒன்றுமில்லை. தினமும் குளித்துவிட்டுச் சாமி படத்தின் முன் நிற்கும்போது சுப்புராமன் கேட்பதெல்லாம் ஒன்றுதான். ஆத்தா நல்லா இருக்கணும். அப்படி நிற்கிற மனிதனிடம் போய், உங்க ஆத்தா பேரை என்மேல் போட்டுக் கூப்பிடுங்க என்று எந்தப் பெண்ணால் கேட்க முடியும்?

வீட்டில் இன்னொரு மெய்யம்மையும் இருந்தாள். மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பேர் வைப்பது அவர்கள் வழக்கம். வைத்தார்கள். வைத்ததோடு சரி. பெற்ற தாயின் பேரை மகன் சொல்ல மாட்டான், மாமியாரின் பேரை மருமகள் சொல்ல மாட்டாள். ஆகவே குழந்தை சிட்டு ஆனாள்.

சிட்டுவுக்கு ஐந்து முடிந்ததும் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அது நடந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு மாலை பொன்னுதுரை வாத்தியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் கயிற்றைத் திணித்துச் சுற்றியிருந்ததால் அவர் ஏறி வருவதைவிட உருட்டி வருவதுதான் அதிகம்.

“என்னா செட்டியாரே, பேரைப் பதிஞ்சிட்டு இப்படிப் பண்ணலாமா? மகளை ஒருநாள்கூட அனுப்பலையே. உடம்புக்கு ஏதும் முடியலையா?”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுப்புராமன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கிட்டங்கி மூடிய பிறகு எண்ணெய் காய்ச்சிக் கபீர் பாய் கடைக்குக் கொடுப்பதுதான் அவன் தொழில்.

“தினம் வருதே சார்? பக்கத்து வீட்டு விஜயாவோட போகுதே?”

“விஜயாவோட வர்றது அவளோட தங்கச்சியாச்சே!”

சத்தம் கேட்டுச் சிட்டு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். துணிப் பஞ்சத்தில் மெய்யம்மையின் பழைய சேலையெல்லாம் தீர்ந்துபோய், விஜயாவுக்குச் சிறுத்துப்போன பாஜூ என்ற மலாய்ச் சட்டையும் சிறு சாரோங் கைலியுமாகக் குழந்தை நின்றாள். வாத்தியார் அவளைப் பார்த்தார். அவள் வாத்தியாரைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி இடுப்பை மடித்துக் கும்பிட்டாள்.

“இந்தப் பாப்பாவா? வாயைத் திறந்தா மலாய் பேசுதே, விஜயா வீட்டுப் பிள்ளைன்னுல்ல நெனச்சேன்!” வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். “நான் தினம் காலையில மெய்யம்மை, மெய்யம்மைன்னு கத்துறேன். யாரும் ஜப்பான் பாஷையில ‘ஹாய்’னு, அதான் ‘ஆஜர்’னு, சொல்லல. வரலைன்னு போட்டுக்கிட்டே இருக்கேன்.”

சிட்டு அப்பனின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பச்சி, அந்த மெய்யம்மை ரொம்ப மோசம். ஒருநாளும் பள்ளிக்கூடம் வரவே மாட்டா.”

வாத்தியார் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாய்ந்தது. கதவோரம் நின்ற மெய்யம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்புராமனுக்குத்தான் சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. சேர்க்கத் தனியாகப் போன அன்றும், பேரென்ன என்று கேட்டபோது வாயால் சொல்லாமல் சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு வந்தவன் அவன்.

“சரி, போனது போகட்டும்,” என்றார் வாத்தியார். “மாசக் கடைசியில ஜப்பான் அதிகாரி ஒருத்தர் பார்க்க வர்றாரு. பேரைக் கூப்பிட்டா ஒவ்வொரு பிள்ளையும் எந்திரிச்சு, ஹாய் சொல்லி, தன் பேரைத் தானே பலகையில எழுதணும். ஜப்பான் எழுத்தை நான் பார்த்துக்கிறேன். தமிழை நீங்க பழக்குங்க. முதல்ல வீட்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. தன் பேரே தெரியாத பிள்ளை எதை எழுதும்?”

அவர் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“நீதான் கூப்பிடேன்,” என்றான் அவன்.

“மாமி பேரை நான் சொல்றதா? நல்லா இருக்கு.”

“உன் பேருதானே அது?”

“என் பேரை நானே கூப்பிட்டுக்கிட்டு வீட்டைச் சுத்தி வரவா? ஊர்ல பைத்தியம்னு சொல்லுவாக.”

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் எழுத வைப்பது அவள், கூப்பிடுவது அவன் என்று முடிவானது. மாமியாரின் பேரைச் சொல்லத்தான் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

மறுநாள் சுப்புராமன் வேலிப் பக்கம் போய் மேற்கே பார்த்து நின்றான். கடல் அந்தப் பக்கம்தான். “ஆத்தா, கோவிச்சுக்காதே. உன்னைச் சொல்லல, உன் பேத்தியைத்தான்,” என்று முணுமுணுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

“மெய்...” இருமல் வந்தது. “மெய்ய...”

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த தெய்வானை எட்டிப் பார்த்தாள். விஜயாவின் அம்மா அவள். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே தங்கிவிட்ட செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். சாமியும் பூசையும் இவர்களைப் போலத்தான் என்றாலும் பேச்சு மலாய்.

“ஆச்சி!” என்று அவள் அடுக்களைப் பக்கம் மலாயில் குரல் கொடுத்தாள். “உன் புருஷன் தொண்டையில மீன் முள் மாட்டிக்கிச்சு போல. ஒரு உருண்டை சோறு கொடு. அடோய், சோறு எங்கே இருக்கு, மரவள்ளிக் கிழங்கு கொடு!”

விஷயத்தைக் கேட்டதும் அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “என் வீட்டுக்காரர் பொழுது விடியறதுக்குள்ள தெய்வானை தெய்வானைன்னு என் பேரைத் தேய்ச்சு ஓட்டை போட்டுடுவார். வேணும்னா ஒரு வாரம் இரவல் தர்றேன்.”

மெய்யம்மையும் சிரித்தாள். தெய்வானை எதையோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் ஓட்டை விழும்வரை தேயும் ஒரு பேர் எப்படி இருக்கும் என்று கிழங்கை நறுக்கும்போது மெய்யம்மை நினைத்துப் பார்த்தாள்.

எழுத்துப் பழகச் சாக்கட்டி கிடைக்காது, தாளும் கிடைக்காது. நெல்லைப் பரப்பி எழுத வைக்கலாம் என்றால், நெல்லைப் பார்த்தே பல மாதம் ஆயிற்று. மெய்யம்மை அடுப்புக் கரியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் பெரிதாக எழுதினாள். மெய்யம்மை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது கொஞ்சம் கடினமான பேர்தான். கொம்பு வந்து முன்னால் நிற்கும். புள்ளி வைக்க வேண்டிய எழுத்துகள் இரண்டு. கடைசியில் இரட்டைச் சுழி வேறு.

“இது என்னம்மா?”

“உன் பேரு.”

“எப்படிப் படிக்கணும்?”

“உங்க அப்பச்சியைக் கேளு.”

அப்பச்சி துருவல்பலகையிலிருந்து குரல் கொடுப்பான். முதல் சில நாள் காற்றில் போவதுபோல் மெதுவாக. பிறகு கொஞ்சம் தைரியமாக. அம்மா கையைப் பிடித்து எழுத, அப்பா குரல் கொடுக்க, ஒரு வாரத்தில் தரை முழுக்கக் கரி. சிட்டுவின் மூக்கிலும் கரி. எழுத்துகள் ஒன்று மாடு படுத்த மாதிரி, ஒன்று கோழி கிளறிய மாதிரி. ஆனால் எல்லாம் இருந்தன.

ஒருநாள் அடுக்களையிலிருந்து ஒரே கூச்சல்.

“அப்பச்சி! என் பேரு! சட்டியில என் பேரு!”

சிட்டு ஒரு பித்தளைச் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுக்கும் பாத்திரத்தில் எல்லாம் பெண்ணின் பேரை வெட்டித்தானே கொடுப்பார்கள்? கப்பலில் கொண்டுவந்த செம்பு, தூக்கு, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் அந்தப் பேர் இருந்தது. சிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் தனது என்றாள். கல்யாணமே ஆகாமல் ஒரு வீட்டுச் சீர்வரிசை அவளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

“அடி, அது என் பேரு,” என்றாள் மெய்யம்மை. “எங்க அப்பச்சி எனக்கு வெட்டிக் கொடுத்தது.”

“பொய். உங்க பேரு அம்மா.”

“அம்மாவா என் பேரு?”

“வேற என்ன? இல்லாட்டி இந்தா.”

மெய்யம்மை சட்டியில் வெட்டியிருந்த பேரை முந்தானையால் துடைத்தாள். குழந்தை நடுவரிடம் போனாள்.

“அப்பச்சி, அம்மா பேரு என்ன?”

சுப்புராமன் தேங்காய் மூடியைப் பார்த்தான். “உன் பேருதான், சிட்டு. அதேதான்.”

“அப்போ நீங்க ஏன் கூப்பிட மாட்டேங்கிறீங்க?”

அவன் மரவள்ளிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று எழுந்து போனான். காலையில்தான் நல்ல மழை பெய்திருந்தது.

அந்த வாரத்திலிருந்து ஒரு சங்கடம் ஆரம்பித்தது. சுப்புராமனுக்குக் குரல் நன்றாகத் திறந்துகொண்டது. வாசலில் நின்று, “மெய்யம்மை!” என்று கூப்பிடுவான். சிட்டு மண்ணில் விளையாடிக்கொண்டிருப்பாள். மெய்யம்மை கரண்டியோடு வந்து நிற்பாள்.

“உன்னையில்ல, பிள்ளையை.”

“தெரியும். கால் வந்துருச்சு.”

மறுபடியும் கூப்பிடுவான். மறுபடியும் வருவாள். இனி வரக் கூடாது என்று அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். அப்போதும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தது. அவன் குரலில் அந்தப் பேர் இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ‘மை’யைக் கொஞ்சம் இழுத்தான். தன்னை அல்ல என்று தெரிந்தே அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். அடுத்தவர் வீட்டுப் பலகாரத்தை வாசம் பிடிக்கிற மாதிரிதான் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள்.

கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். கேட்கவும் ஒரு மாலை வாயெடுத்தாள். அன்றைக்கு அவன் கால் நீட்டி உட்கார்ந்து, சிட்டு எழுதிய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்கு ஒண்ணு சொல்லட்டா?” என்றான். “இந்தப் பேரை இத்தனை நாளா வாயில வைக்காம இருந்தேனா, ஆத்தாளை நெனச்சாலே பயம் வந்துரும். என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு. இப்போ தினம் கத்திக் கத்திக் கூப்பிடுறேன். ஆத்தாளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு தோணுது. இங்கேயே எங்கேயோ இருக்கிற மாதிரி.”

“இருப்பாக,” என்றாள் மெய்யம்மை. “நல்லாவே இருப்பாக.”

கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள். அவனுக்கு அந்தப் பேரில் தாயும் மகளும் நிறைந்திருந்தார்கள். நடுவில் தனக்கு எங்கே இடம்? ஆனாலும் முன்புபோல அது பயமாக இல்லை. அந்தப் பேர் அவனை நோகடிக்கும் என்றுதானே இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தாள்? அது நோகடிக்கவில்லை. தூங்க வைக்கிறது. அன்று அவன் குறட்டை தெய்வானை வீடுவரை கேட்டிருக்கும்.

அதிகாரி வரும் நாளும் வந்தது. மெய்யம்மை சிட்டுவின் தலையை வழித்துச் சீவி, மூக்குக் கரியைத் தேய்த்து எடுத்து, விஜயாவோடு அனுப்பிவைத்தாள். சுப்புராமன் எண்ணெய்த் தகரத்தைக் கபீர் பாய் கடைக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். தகரம் வாசலிலேயே இருந்தது. அவன் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்குத்தான் போயிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அவள் எண்ணெய்ச் சட்டியைக் கிண்டினாள். ஒரு மணி நேரம் கிண்டியிருப்பாள். தேங்காய்ப்பால் திரிந்து, கசடு பொன்னிறமாகி, வீடெல்லாம் மணத்தது.

“மெய்யம்மை!”

தெருக்கோடியில் கேட்டது.

“மெய்யம்மை! மெய்யம்மை!”

இப்போது வேலியருகில். பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கொண்டாட்டமாக வருகிறான் என்று நினைத்தாள். கால் வாசலுக்குப் போய்விட்டது.

அவன் தனியாகத்தான் வந்தான். மூச்சு வாங்கியது. தோள் துண்டு எங்கோ விழுந்திருந்தது.

“எழுதிட்டா! நீ பார்க்கணுமே. மெய்யம்மைன்னு வாத்தியார் கூப்பிட்டதும், ஹாய்னு ஒரு சத்தம். அந்த ஜப்பான் ஆளே திடுக்கிட்டுப் போயிட்டான். பலகைக்குப் போனா. அவ்வளவு பெரிசா எழுதினா, மத்த பிள்ளைக எழுத இடமே இல்ல. வாத்தியார் அழிக்கப் போறாரு, இவ விட மாட்டேங்கிறா. அந்த அதிகாரி சிரிக்கிறான். அழிக்காதேன்னு கையைக் காட்டுறான்.”

“பிள்ளை எங்கே?”

“பள்ளிக்கூடத்துலதான். எல்லாருக்கும் கிழங்குப் பலகாரம் தர்றாங்க. தின்னுட்டு விஜயாவோட வருவா.”

“அங்கே இருக்கிற பிள்ளையைத் தெருவுல கத்திக் கூப்பிட்டுக்கிட்டு வர்றீகளே?”

சுப்புராமன் தெருவைத் திரும்பிப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தெய்வானையின் தலை தெரிந்தது. பார்க்காததுபோல் அவள் ஒரு சட்டையை நான்காவது தடவையாக உதறினாள்.

“பிள்ளையைக் கூப்பிடல,” என்றான் மெதுவாக. “உன்கிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேன். வாய்ல அதுதான் வந்துச்சு.” கழுத்தைத் தடவிக்கொண்டான். “பழகிப்போச்சு. தப்பா எடுத்துக்காதே. இனிமே பார்த்துக்கிறேன். இந்தான்னே...”

“வேணாம்.”

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கையில் கரண்டி, நுனியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. ஓடி வந்த களைப்பும் சந்தோஷமும்தான் இருந்தன. தெய்வானை இருந்தால் இருக்கட்டும்.

“நான் ஒண்ணு கேட்கணும்,” என்றாள். “கல்யாணமான புதுசிலேயே கேட்டிருக்கணும். மாமி பேருங்கிறது எனக்குத் தெரியும். நம்ம பிள்ளை பேருங்கிறதும் தெரியும். ஆனா அது என் பேரும்தான். என்னையும் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”